உப்புப் பாறையும் சேற்றுக் குட்டையும்

ஒரு காட்டில், மேட்டின் மேல் பெரிய உப்புப் பாறை ஒன்று இருந்தது குழந்தைகளே. அப்படி ஒரு பாறை சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை. ஆனாலும் அந்தக் காட்டு விலங்குகள் ஏழைகள்தாம். அவற்றின் குட்டை ஆழமில்லாதது. கோடையில் வற்றிவிடும். போன கோடையில் மிளா என்னும் பெரிய மான் தன் கன்றைத் தாகத்துக்குப் பறிகொடுத்திருந்தது.

ஒரு நாள் வெளிக்காட்டு நரி வந்தது.

"தலைவரே, பாறையை என் பொறுப்பில் விடுங்கள். தினமும் உங்கள் குகை வாசலில் ஒரு தேனடை இருக்கும்" என்றது.

தலைவர் கரடிக்கு நாக்கில் நீர் ஊறியது. "பெரிய அடையா?"

மிளா முன்னே வந்தது. "தேனை நீங்கள் நக்குவீர்கள் தலைவரே. கோடையில் எங்கள் கன்றுகள் எதை நக்கும்?"

கரடி தலை குனிந்தது. "சரி, நீயே ஒரு வழி சொல்."

"வெளிக்காட்டு எருமைகள் உப்புக்கு ஏங்குகின்றன. வரட்டும், நக்கட்டும். ஆனால் முதலில் நம் குட்டையில் புரண்டு, உடம்பெல்லாம் சேறு அப்பிக்கொண்டு மேடேற வேண்டும். அங்கே மரத்தில் உரசி உதிர்த்த பிறகுதான் உப்பு."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "சேறு பூசினால் உப்பா? நல்ல நாகரிகம் அக்கா!"

எருமைகளும் சிரித்தன. "புரளவும் விட்டு உப்பும் தருகிறார்கள். இவர்களுக்குப் பைத்தியம்!" கூட்டம் கூட்டமாக வந்து புரண்டன. முதுகு முதுகாகச் சேறு மேடேறியது. கரடியும் அந்த வழக்கத்திலிருந்து தப்பவில்லை.

ஆண்டுகள் பல போயின. பாறை கரைந்து தரையோடு தரையானது. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. நாக்குத் தொங்க நரி வந்தது.

"உப்பு தீர்ந்துவிட்டதாமே! இனி எதைக் காட்டிப் பெருமை பேசுவீர்கள்?"

"தீரவில்லையப்பா. அதோ இருக்கிறது" என்று கரடி கை காட்டியது.

குட்டை இருந்த இடத்தில், சேறு போகப் போக ஆழமாகி, மழை பொய்த்தும் வற்றாத ஒரு குளம் கிடந்தது. கரையில் மிளாவின் புதிய கன்று நீர் குடித்துக்கொண்டிருந்தது.

நரி ஓடிப்போய் ஒரு வாய் குடித்தது. "இதில் உப்பே இல்லையே!"

"அத்தனை உப்பும்தான் இந்தத் தண்ணீர். வயிறு நிறையக் குடி" என்றது மிளா, தலையை நிமிர்த்தி. "ஆனால் போகும்போது கரைச் சேற்றில் ஒரு புரளல் புரண்டுவிட்டுப் போ. இங்கே அதுதான் நாகரிகம்."

நீதி: மண் தரும் செல்வம் ஒருநாள் தீரும், அதற்குள் அதைப் பிள்ளைகளின் வாழ்வாக மாற்றிக்கொண்ட நாடே தலைநிமிர்ந்து நிற்கும்.