கடைசி பெஞ்சின் அமைதி

இயற்பியல் துறைத் தலைவர் வேதமூர்த்திக்கு ஒரு பெருமை. "என் வகுப்புல ஒருத்தரும் சந்தேகம் கேட்டதில்லை. அத்தனை தெளிவு."

அவருடைய ஆராய்ச்சி மாணவி ஹேமாவதிக்கு முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆசை.

"மாதிரி வகுப்பு எடும்மா. ஒரு சந்தேகம் வந்தாலும் வகுப்பு கிடையாது."

அவரையே கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, தன் வீட்டு மொழியான நீலகிரிப் படுக மொழியில் வெப்பவியல் நடத்தினாள். அவர் வாயே திறக்கவில்லை.

"சந்தேகமே வரலையே சார். அத்தனை தெளிவா?"

அவர் கரும்பலகையைக் காட்டினார்.

"வகுப்பு உனக்குத்தாம்மா. இப்ப முதல்லேருந்து சொல்லு, ஒண்ணும் புரியலை."

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, அவருடைய ஆங்கிலத்துக்கு முன்னால் பட்டப்படிப்பில் அதே பெஞ்சில் மூன்று வருஷம் வாய்மூடி இருந்த ஹேமாவதி சொல்ல ஏங்கிய வார்த்தை அந்த 'ஒண்ணும் புரியலை'தான்.