சுமைதாங்கிக்கு ஒரு வேலி

வேதமுத்து வாத்தியாரை அரங்கண்ணல் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் தலையில் ஒரு பெரிய பலாப்பழம் இருந்தது.

சாவடிப்பேட்டை ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவில், சுமைதாங்கியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இறக்கி வைக்க முடியவில்லை. கல்லைச் சுற்றி இரும்பு வேலி. வேலிக்குப் பூட்டு. முந்தின நாள் அதைப் போட்டவர் அரங்கண்ணல்தான்.

வாத்தியார் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். பேட்டையில் எந்தப் பழைய சுவரைக் காட்டினாலும் வெயிலைப் பார்க்காமல் நின்றுவிடுவார். ரயில்வேயில் ஓய்வு பெற்று, மனைவியையும் பறிகொடுத்த அரங்கண்ணல் அவர் பின்னால் சுற்றத் தொடங்கினார். குருவைவிடச் சிஷ்யனுக்கு இரண்டு வயது கூடுதல். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

பேட்டையில் இருப்பதிலேயே பழையது அந்தச் சுமைதாங்கி. ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். பட்டணத்துக்குத் தலைச்சுமையோடு போனவர்கள் யார் கையையும் தேடாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்கிய இடம். பிள்ளை வயிற்றோடு செத்துப்போன ஒருத்திக்காக அவள் புருஷன் நட்டது. அவள் இறக்காமல் போன சுமைக்காக, போகிற வருகிறவர்கள் சுமையாவது இறங்கட்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். மேல்கல்லின் விளிம்பில் அவள் பேர் வெட்டியிருந்தது. அதில் ‘ம்மாள்’ என்பது மட்டும்தான் படிக்கிற மாதிரி இருந்தது.

அந்த மிச்சமும் போய்விடுமே என்று அரங்கண்ணலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நகராட்சிக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி வேலி போட்டார். வாத்தியார் வந்து பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தார்.

“குடுங்க ஐயா, நான் பிடிக்கிறேன்” என்று அரங்கண்ணல் ஓடி வந்தார்.

“நீங்க இருக்கீங்க, பிடிப்பீங்க. நேத்து இந்தம்மாவுக்கு யாரு பிடிச்சா?”

பக்கத்தில் மீன்கூடையைத் தலையில் வைத்தபடி தனபாக்கியம் நின்றிருந்தாள்.

“யாரு பிடிச்சா? நானே இறக்கப் பாத்து, பாதி மீனு மண்ணுல. ஏன் சார், கல்லுக்கு எதுக்குக் கூண்டு? கடிக்குதா?”

அரங்கண்ணல் அவள் பக்கம் திரும்பவில்லை.

“பேரு அழியுதுங்க ஐயா. ஒரு மனுஷன் தன் பொண்டாட்டி பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். அது போறதை நாம பாத்துக்கிட்டு நிக்கிறதா?”

“எதனால அழியுது?”

“கூடையும் மூட்டையும் உரசித்தான்.”

“வேற எதனாலயும் இல்லையே?”

“வேற எதுங்க? இறக்குறவங்க எல்லாரும் அந்த விளிம்புலதானே சாய்க்கிறாங்க.”

வாத்தியாரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. வேலிக் கம்பிகளுக்கு நடுவே கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிக்கிற கல்லுல வெட்டியிருந்தா எதுவும் உரசியிருக்காது. கல்தச்சனும் அதைச் சொல்லாம இருந்திருக்க மாட்டான். அந்த மனுஷன் சுமை வந்து சாயுற இடத்தைக் காட்டி, இங்க வெட்டுன்னு சொல்லியிருக்கான், அரங்கண்ணல்.”

அரங்கண்ணல் மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் வாத்தியார் தூக்கத்திலேயே போய்விட்டார். கல்லில் இப்போது ‘ள்’ மட்டும் இருக்கிறது.