முதலாளி குடித்த தண்ணீர்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஈரோட்டு ரயிலடிக்கு எதிரே இருந்த அந்த லாட்ஜுக்குள் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. அங்கே மாடிக்குப் போக இரண்டு படிகள். முன்பக்கத்துத் தேக்குப் படி தங்க வருகிறவர்களுக்கு. பின்சுவரை ஒட்டிய துருப்பிடித்த இரும்புப் படி, கக்கூஸ் கழுவ வரும் மாசானுக்கு. அந்தப் படி ஏறினால் மாடி அறைகளின் குளியலறைகளுக்கு நேராகப் போகலாம். வேலை முடிந்ததும் அதே படியில் இறங்கிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் காவல் காத்தவன் மானேஜர் தண்டபாணி. முதலாளி ரத்தினசபாபதியின் தங்கை மகன். ஒரு நாள் கொல்லையில் வைத்திருந்த குடிநீர்க் குடத்தை மாசான் நகர்த்திவிட்டான். அவ்வளவுதான், தண்டபாணி அந்தக் குடத்தைத் தெருவில் போட்டு உடைத்தான். அதோடு விட்டானா? மாசானைச் செருப்பால் அடித்துவிட்டுத் தலைமுழுகிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மானேஜர் கொஞ்சம் சுத்தக்காரர் என்று மெச்சிக்கொண்டார்கள்.

முதலாளிக்குப் பிள்ளை கிடையாது. பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைத் தத்தெடுக்கப் போகிறார் என்று ஒரு பேச்சு ஊரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான், மழை விடாமல் அடித்த ஒரு பகலில், சாப்பிட்டுவிட்டு மாடியறைக்கு வந்த முதலாளி சொம்புத் தண்ணீரைக் குடித்தார், நெஞ்சைப் பிடித்தார், விழுந்தார். சொம்பின் அடியில் எலிப் பாஷாணம் இருந்தது என்றார் டாக்டர். கொல்லையில் கிடந்த மாசானின் கூடையில் பாஷாணப் பொட்டலமும் கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் அர்த்தநாரி வருவதற்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. வாசலில் கூட்டம். மாசானின் சேரியைக் கொளுத்தினால்தான் ஆச்சு என்று சிலர் கிளம்பி நின்றார்கள். ஏட்டு தன் பங்குக்கு மாசானின் முகத்தை வீங்க வைத்து, கையில் விலங்கும் மாட்டியிருந்தார். அர்த்தநாரி தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. செருப்படி பட்டவன், பொட்டலம் வைத்திருந்தவன், வேறென்ன வேண்டும்? இப்படியே எழுதி அனுப்பினால் மாசானுக்குத் தூக்கு நிச்சயம். தானும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

"சாமி, நான் குளியலறை வாசப்படியத் தாண்டுனதே இல்லீங்க," என்றான் மாசான். அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை.

சாட்சி என்று ஒன்று வேண்டுமே. பிணம் கிடந்த அறையிலேயே மாசானை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அர்த்தநாரி தண்டபாணியை விசாரித்தார். அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடுமாறாமல் சொன்னான். மாமனுக்குக் குடிக்கத் தண்ணீர் நிரப்பி வைப்பது தினமும் அவன்தானாம். இன்றும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனானாம்.

"மறுபடி மேல வந்தா, இவன் ரூமுக்குள்ள நின்னு சொம்பக் கையில வெச்சிருக்கறானுங்க. தண்ணி திருடிக் குடிக்கறானாட்ட இருக்குதுன்னு நெனச்சு வெரட்டி உட்டனுங்க. விசத்தக் கலக்கியிருப்பான்னு நான் கண்டனா?"

அறை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டம் உறுமியது. ஏட்டு மாசானின் பிடரியில் கை வைத்தார்.

"அப்புறம்?" என்றார் அர்த்தநாரி.

"அவன் போன கையோட மாமன் வந்துட்டாருங்க. சொம்ப எடுத்து அண்ணாந்து குடிச்சாரு. பக்கத்துல துண்டோட நான்தான் நின்னேன். நடுவுல ஒருத்தரும் உள்ள வர்லீங்க."

"நீங்க வெச்ச அதே சொம்பு? அதே தண்ணி?"

"அதேதானுங்க. சத்தியமா."

அர்த்தநாரிக்குச் சட்டென்று தன் வீட்டு அடுக்களை ஞாபகம் வந்தது. அவருடைய அம்மா ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. மாசானின் விலங்கைக் கழற்றச் சொன்னார். கழற்றிய விலங்கோடு ஏட்டு விழித்தபோது, தண்டபாணியைக் காட்டி, "அந்தக் கைக்கு மாட்டுங்க" என்றார்.

வாசகரே, தண்டபாணி சொன்னதை எல்லாரும்தான் கேட்டார்கள். பொய் எங்கே இருந்தது? இன்ஸ்பெக்டருக்கு அது எப்படித் தெரிந்தது?

விடை: கை பட்ட குடத்தைத் தெருவில் போட்டு உடைத்தவன் தண்டபாணி. மாசான் சொம்பைத் தூக்கியதை அவன் நிஜமாகவே பார்த்திருந்தால், முதல் வேலையாக அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியிருப்பான். சொம்பு புளி போட்டுத் தேய்க்கப் போயிருக்கும். விஷம் என்று தெரிய வேண்டியதே இல்லை. தீட்டு ஒன்று போதும். பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டு மாமன் அதைக் குடிப்பதை வேடிக்கை பார்த்திருக்கவே மாட்டான். ஆகவே அந்தச் சொம்பை மாசான் தொடவே இல்லை. தொட்டவன் நிரப்பிய தண்டபாணி ஒருவன்தான். தத்துப் பிள்ளை வந்தால் மாமன் சொத்து கைவிட்டுப் போய்விடுமே என்று விஷம் கலந்தவனும், பொட்டலத்தை மாசானின் கூடையில் போட்டவனும் அவனே. அர்த்தநாரியின் அம்மாவும் அப்படிக் கொட்டுகிறவள்தான்; அதனால்தான் அவருக்குப் புரிந்தது.

சந்தேகம் மிச்சமிருந்தவர்களுக்குத் தண்டபாணியே அதைத் தீர்த்துவைத்தான். விலங்கு அருகில் வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அவன் கையில கெடந்ததுங்க. கழுவிட்டு மாட்டச் சொல்லுங்க," என்றான்.

ஏட்டு பழக்கதோஷத்தில் தண்ணீர் தேடினார். அர்த்தநாரி விலங்கைப் பிடுங்கித் தாமே பூட்டினார்.

மாசான் வீங்கிய முகத்தோடு எழுந்து, பின்பக்கத்து இரும்புப் படியில் இறங்கிப் போனான். முன்படி வழியாகப் போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துத்தான்.