கந்தகம் சொன்ன சாட்சி

கல்லும் தண்ணீரும் நெருப்பும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூமிக்கு அடியில் பாதாளி என்றொரு வெந்நீர் இருந்தாள். பழம்பாறைகளின் இடுக்குகளில் கேட்பாரற்றுக் கிடந்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மேலே ஏறி வந்தாள். சுண்ணாம்புப் பாறை தன் குகையைத் திறந்துவிட்டு, "உள்ளே வா பாதாளி, பிள்ளைகளை இறக்கி வை" என்றாள்.

இறக்கி வைத்தால் நிற்க வேண்டுமே! கந்தகம் கைகொடுத்தால்தான் அதுகள் கல்லாக உறையும். அந்தக் கந்தகத்தைக் கடல் தன் உப்பில் வைத்திருந்தது. அந்த உப்பைத் தின்று, கந்தகத்தை நாற்றக் காற்றாக வெளியே விட்டவன் நொய்யன் என்கிற சேற்றுக் கிருமி. கண்ணுக்கே தெரியாத பொடிப்பயல். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பக்கம் போக முடியும் என்றாலும், அவன் புண்ணியத்தில் ஈயம் பளபளவென்றும் துத்தநாகம் தேன் நிறத்திலும் குகைச் சுவரில் உறைந்து நின்றன. பாதாளிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தப் பளபளப்பு எரியனுடைய கண்ணில் பட்டுத் தொலைத்தது. எரிமலைக்கு அடியில் கிடக்கும் நெருப்புக் குழம்புதான் எரியன்.

"ஏய் பாதாளி! ஈயமும் துத்தநாகமும் கந்தகமும் என் வயிற்றில் பிறந்ததுகள். திருடியா கொண்டு வந்தாய்? என் பிள்ளைகளை நானே கொண்டுபோய் உருக்கிக்கொள்கிறேன்" என்று உறுமினான்.

பாதாளிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "அடப்பாவி! அதுகள் அநாதையாகக் கிடந்தபோது எங்கே போயிருந்தாய்? இடுப்பொடியச் சுமந்தவள் நான். பிள்ளையை உருக்குகிறவன் அப்பனா? வெட்கமாக இல்லை உனக்கு?"

"கத்தாதே. சாட்சி இருக்கிறதா?"

சாட்சி! அதற்கு அவள் எங்கே போவாள்? உடனே சுண்ணாம்புப் பாறை குறுக்கே வந்தாள். "எரியா, உன் வீட்டுக் கந்தகம் எப்படி இருக்கும், அதைச் சொல்."

எரியன் மார்தட்டினான். "என் கொதியில் எல்லாம் கலந்துவிடும். எந்த மூலையில் அள்ளினாலும் ஒரே எடை. ஒரு துளி கூடாது, குறையாது."

"அவ்வளவுதானே?" என்ற சுண்ணாம்புப் பாறை, அவன் கக்கிய கந்தகத்தில் சில மணிகளை எண்ணித் தராசின் ஒரு தட்டில் வைத்தாள். ஈயக்கல்லிலிருந்து அதே எண்ணிக்கையில் கந்தக மணிகளைச் சுரண்டி மறு தட்டில் வைத்தாள். எரியன் தட்டு கீழே போயிற்று. கல்லின் தட்டு மேலே தொங்கியது.

"தராசில் கோளாறு!" என்று அலறினான் எரியன்.

"கோளாறும் இல்லை, ஒன்றும் இல்லை மாமா" என்றான் நொய்யன். "கந்தகத்தில் இரண்டு வகை. முகமும் நிறமும் ஒன்றுதான், ஆனால் ஒன்று லேசு, ஒன்று கனம். எனக்குக் கனமானது சீக்கிரம் உடையாது. அதனால் லேசானதைத்தான் தேடித் தேடித் தின்பேன். இந்தக் கல்லில் இருப்பது நான் விட்ட கந்தகம். உங்கள் வீட்டுச் சரக்கு இல்லை. உங்கள் வயிற்றில் பிறந்த கல் என்றால் உங்கள் கந்தகம்தானே அதில் இருக்கும்?"

எரியன் முகம் கறுத்தது. முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கிப் போனான்.

"ஜெயித்துவிட்டாயே பாதாளி, சிரியேன்!" என்றாள் சுண்ணாம்புப் பாறை.

"எதற்கு அக்கா சிரிக்க?" என்று பாதாளி வெடித்தாள். "அவன் கத்தினான், உடனே அவனிடம் விவரம் கேட்டீர்கள். சுமந்தவள் நான் சொன்னபோது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. தராசு சொன்னால்தான் ஏறுமா? இனி எவனாவது உரிமை கொண்டாடி வந்தால், என்னைக் கேட்காதீர்கள், அவனையும் கேட்காதீர்கள். கல்லை நிறுத்துப் பாருங்கள்!"

அன்று முதல்தான், ஈயமும் துத்தநாகமும் விளைந்த இடத்துக்குப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஒரு துண்டைப் பொடித்து, அதற்குள் லேசுக் கந்தகம் எவ்வளவு, கனத்த கந்தகம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். சத்தம் போடுகிறவன் பேச்சு அங்கே எடுபடுவதில்லை.