காய்ந்த புதினா

"தாயே, நான் கிளம்புறேன்" என்றார் எதிராசன். தோளில் மூட்டை தொங்கியது.

அடுப்படியில் நின்ற செண்பகவல்லி திரும்பினாள். மலையடிவாரத்து அன்னதான மடம் அவளுடையது. எதிராசன் லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவளைவிட மூத்தவர். அவளிடம் சீடராகச் சேர்ந்து வெகுகாலம் ஆச்சு.

"என்னண்ணே ஆச்சு?"

"வந்த புதுசுல, பசிச்சவன் ஒரு வாய் சாப்பிட்டா எனக்குக் கண்ணு கலங்கும். இப்ப கரண்டி மட்டும்தான் ஓடுது. நேத்து வந்த சித்திரவேலு இலை போடும்போதே விம்முறான். பொறாமையா இருக்கு தாயே. நான் காஞ்சுபோயிட்டேன்."

"சரி, போங்க. பாதயாத்திரைக் கூட்டம் மலையிறங்குது. புதினா சாதத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"புதினா எங்க? மழையில தோட்டமே அழுகிக் கிடக்கு!"

"காஞ்சது ஜாடியில இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே, ருசி பார்க்க முதலில் ஒரு சின்னச் சட்டியில் செய்தார். சாதத்தை இறக்கி, பச்சையைத் தூவுகிற மாதிரியே காய்ந்ததையும் அள்ளித் தூவினார். மனுஷருக்கு வேறு என்ன தெரியும்!

செண்பகவல்லி ஒரு வாய் போட்டாள்.

"வைக்கோல்."

"நான் சொல்லல?" எதிராசனுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

அவள் பெரிய அண்டாவை ஏற்றி நெய்யை ஊற்றினாள். ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, நெய்யில் போட்டாள்.

குப்பென்று கிளம்பியது பாருங்கள் வாசனை!

"அடேயப்பா!" எதிராசன் துள்ளிவிட்டார். "இத்தனூண்டுக்கா இவ்வளவு வாசம்? பச்சைன்னா கட்டுக்கட்டாப் போடுவோமே!"

"பச்சையை எப்பப் போடுவீங்க?"

"இறக்கினப்புறம். அடுப்புச் சூடு தாங்காதே."

"இதை?"

அவர் வாய் திறப்பதற்குள் சித்திரவேலு ஓடிவந்தான்.

"கூட்டம் முட்டுதும்மா! பந்தலையே சாய்ச்சிடுவாங்க போல! ஒருத்தன் இலையை மூஞ்சியில வீசிட்டான். என்னால முடியாதும்மா!"

எதிராசன் அண்டாவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கூட்டம் அடங்கினப்புறம் நீ வா தம்பி. முதல்ல காஞ்சவன் நான் போறேன்!"

"அண்ணே, மூட்டை?" என்றாள் செண்பகவல்லி.

"தூக்கிப் பரண்ல போடுங்க தாயே!" என்று வாசலிலிருந்து சிரிப்போடு வந்தது குரல்.