மூடுபனிச் சந்தை

மேகங்கள் இறங்கி வந்து படுத்துறங்கும் ஒரு காட்டில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சந்தை இருந்தது. அங்கே வெயில்கூடப் பாலில் கரைத்த மஞ்சளைப் போல மங்கலாகத்தான் விழும். மரங்கள் பாதி உடம்போடு நிற்கும். மீதிப் பாதியை மூடுபனி தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

அந்தச் சந்தையில் கரடியார் தேன் விற்றார். மந்தியம்மாள் நெல்லியும் இலந்தையும் விற்றாள். காட்டுச்சேவலார் மூங்கிலரிசி விற்றார். கடைசிக் கடை நாச்சியுடையது.

நாச்சி ஓர் அலுங்கு. உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில் இருக்குமே, அந்த எறும்புதின்னி. புற்றுமண்ணைக் குழைத்து, நடந்து நடந்து புண்ணான குளம்புகளுக்குப் பற்றுப் போடுவது அவள் தொழில். அவளுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம். ஆனால் மூக்கு மட்டும் மண்ணுக்கடியில் நடப்பதையும் சொல்லிவிடும்.

நாச்சிதான் அந்தச் சந்தையின் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவி. கெட்டிக்காரி என்று யாரும் அவளைத் தலைவியாக்கவில்லை. கரடியார் தலைவரானால் கூட்டத்துக்கே வரமாட்டேன் என்றாள் மந்தியம்மாள். மந்தியம்மாள் தலைவியானால் சந்தைக்கே வரமாட்டேன் என்றார் சேவலார். சேவலார் தலைவராகலாமா என்று கேட்டபோது மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நாச்சியே இருக்கட்டும். அவள் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள்" என்று கடைசியில் மூவரும் சொன்னார்கள். அவர்கள் மூவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. குரல் உயர்ந்தால் நாச்சிக்கு உடம்பு கூசும். செதில்கள் ஒவ்வொன்றாக மடங்கும். தலையை வயிற்றுக்குள் புதைத்து, வாலால் போர்த்திக்கொண்டு பந்தாகிவிடுவாள். சங்கத்துக் கூட்டங்கள் பெரும்பாலும் தலைவி பந்தாகிக் கிடக்கும்போதுதான் முடியும்.

ஆண்டுதோறும் பனிக்காலத்தில், மலையுச்சிப் புல்வெளியிலிருந்து வரையாட்டுக் கூட்டம் சந்தைக்கு இறங்கி வரும். வரும்போது உச்சிப் பாறைகளில் விளையும் உப்புக்கட்டிகளைக் கொண்டுவரும். உப்பைக் கொடுத்துவிட்டுத் தேனும் பழமும் அரிசியும் வாங்கிப் போகும். கீழ்க்காட்டில் உப்பு கிடையாது. உப்பு நக்காத குட்டிகள் நிற்கவே தள்ளாடும். அதனால் அந்தக் கூட்டம் வரும் நாளைத்தான் காடே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டு மூடுபனி ஒருபோதும் இல்லாத அளவுக்குக் கனத்து இறங்கியது. நீட்டிய கை தனக்கே தெரியவில்லை. வரையாடுகள் வரவில்லை.

"வந்துவிடும். கூவி அழைத்தால் வந்துவிடும்" என்றார் கரடியார். மலை அதிர, "தேனோ தேன்! கொம்புத் தேன்!" என்று முழங்கினார்.

உடனே மந்தியம்மாள், "நெல்லி! இலந்தை! நெல்லி!" என்று கீச்சிட்டாள். கரடியாரின் குரல் தன் கடையை மறைக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம்.

சேவலார் சும்மா இருப்பாரா? மரக்கிளையில் ஏறி, கொண்டையைச் சிலிர்த்து, "மூங்கிலரிசீ...!" என்று நீட்டினார்.

அவரவர் வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். வாடிக்கையாளர் வராத ஒவ்வொரு நாளும் கூவல் கூடியது. கூவல் கூடக் கூட, வருவார் இல்லை.

ஒருநாள் நாச்சி புற்றுமண் தோண்ட மலைச்சரிவுக்குப் போனாள். பள்ளத்தின் ஓரத்தில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மூக்கை நீட்டி முகர்ந்தாள். உப்பு வாசனை! ஒரு பெண் வரையாடு நின்றிருந்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் பாதாளம்.

"அம்மா! நகராதீர்கள்! உங்கள் காலடியில் பள்ளம்" என்றாள் நாச்சி.

வரையாடு நடுங்கிப் பின்வாங்கியது. "சந்தை இந்தப் பக்கம் இல்லையா? இங்கிருந்துதானே 'நெல்லி நெல்லி' என்று கேட்டது?"

"அது எதிரொலி, அம்மா. சந்தை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது."

"முதுகுப் பக்கமிருந்து தேன் என்று கேட்டது. மேலேயிருந்து அரிசி என்று கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் சந்தை கத்துகிறதே, தாயே! எங்கள் கூட்டம் வெள்ளைப்பாறையில் நிற்கிறது. வழி பார்த்து வருகிறேன் என்று நான்தான் இறங்கினேன். குட்டிகளை வைத்துக்கொண்டு இந்தச் சத்தத்துக்குள் எப்படி இறங்குவோம்? திரும்பிப் போய்விடுகிறோம்."

"நாளை ஒருநாள் மட்டும் பொறுங்கள், அம்மா" என்று நாச்சி கெஞ்சினாள். வெள்ளைப்பாறைக்கு ஏறும் பாதைவரை வழிகாட்டி அனுப்பிவிட்டு, சந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அன்று மாலையே வேங்கை மரத்தடியில் சங்கத்தைக் கூட்டினாள். கரடியார் கடைசியாக வந்து முதலில் பேசினார்.

"சீக்கிரம் சொல், நாச்சி. கடையில் ஆளில்லை."

"அண்ணா, நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவதால்தான் வரையாடுகளுக்கு வழி புலப்படவில்லை. இன்று ஓர் அம்மா பள்ளத்தில் விழப் பார்த்தார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் கூப்பிட்டால்..."

"சரியாகச் சொன்னாய்!" என்றார் கரடியார். "என் குரல் இருக்கட்டும். மற்றவர்கள் வாயை மூடட்டும்."

"ஏன், உங்கள் தேனைக் கூவி விற்பதற்கா?" என்று மந்தியம்மாள் பாய்ந்தாள். "இது இவர்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். எனக்கு அப்போதே தெரியும்!"

"விடியலுக்கே வழி சொல்கிறவன் நான். என்னை வைத்துக்கொண்டு குரலைப் பற்றிப் பேசுகிறீர்களா?" என்று சேவலார் இறக்கையை அடித்தார்.

"அப்படியானால் நான் சங்கத்தைவிட்டு விலகுகிறேன்!" என்றார் கரடியார்.

"நீங்கள் என்ன விலகுவது? நான் விலகுகிறேன்!" என்றாள் மந்தியம்மாள்.

நாச்சியின் செதில்கள் மடங்கின. சத்தம் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்க, அவள் மெல்ல மெல்லப் பந்தானாள்.

பந்துக்குள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. அவளுடைய இதயம் மட்டும் தொலைவில் யாரோ உரல் குத்துவது போலக் கேட்டது. 'இவர்கள் பொல்லாதவர்கள் இல்லை' என்று நினைத்தாள் நாச்சி. 'தன் கடை வாசலில் நிற்பவருக்குத் தன் குரல் தெளிவாகத்தான் கேட்கும். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த அம்மா நின்ற இடத்தில் போய் நின்றால் நம்புவார்கள்.'

அவள் தலையை வெளியே நீட்டியபோது மரத்தடியில் யாரும் இல்லை.

மறுநாள் காலை நாச்சி ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே போனாள்.

"கரடியண்ணா, வரையாடுகள் வெள்ளைப்பாறையில்தான் நிற்கின்றன. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? யாராவது போய் அழைத்துவந்தால் நல்லது."

கரடியாரின் கண் மின்னியது. "மெதுவாகப் பேசு! மந்தி காதில் விழப்போகிறது."

இதையே மந்தியம்மாளிடம் சொன்னாள். சேவலாரிடமும் சொன்னாள். ஒவ்வொருவரும் தன் வீட்டாரிடம், "நான் வரும்வரை கூவலை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பூனை போல நழுவினார். மூடுபனி ஒவ்வொருவரையும் வாங்கி விழுங்கிக்கொண்டது.

நாச்சி மண்ணை முகர்ந்தபடி பின்னாலேயே போனாள்.

பனிக்குள் நடப்பது உறக்கத்துக்குள் நடப்பது போலிருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓர் இலை மட்டும் மிதந்து வரும். கிட்டே போனால் அதுவும் இருக்காது. மூவருக்கும் வெள்ளைப்பாறை அகப்படவில்லை. திரும்பலாம் என்றால் சந்தையும் அகப்படவில்லை. தேனும் நெல்லியும் அரிசியும் எட்டுத் திக்கிலும் முழங்கின.

நாச்சி ஒரு பெரணிச் செடிக்குப் பின்னால் நின்றாள். இரண்டு உருவங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது, பனியில் கரைந்தபடி முட்டிக்கொண்டன.

"மன்னிக்க வேண்டும், ஐயா" என்றது சிறிய உருவம். "சந்தைக்கு எப்படிப் போவது?"

"நானும் அதைத்தான் தேடுகிறேன், அம்மா" என்றது பெரிய உருவம். "காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே இரைச்சல். குரல் நடுங்குகிறதே, பயமா? என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

"நல்ல மனசு உங்களுக்கு. எங்கள் சந்தையில் இப்படி ஒருவர்கூட இல்லை."

"எங்கள் சந்தையிலும் இல்லை, அம்மா."

மேலே ஏதோ கிளையில் கொக்கரிப்பு ஒன்று விம்மியது. "யாரங்கே? நானும் வருகிறேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

"வாருங்கள், ஐயா, வாருங்கள். என் தோளில் உட்காருங்கள்" என்றது பெரிய உருவம்.

நாச்சிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இப்படிப் பேசத் தெரிந்தவர்களா இவர்கள்!

அப்போது, "தேனோ தேன்!" என்று ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"ஆகா, அது என் மனைவியின் குரல்!" என்றது பெரிய உருவம். "இந்தப் பக்கம்தான் சந்தை. வாருங்கள்!"

நாச்சிக்குச் செதில் சில்லிட்டது. அது எதிரொலி, வந்தது பள்ளத்திலிருந்து. "அண்ணா! நில்லுங்கள்!" என்று கத்தினாள். அவளுடைய சின்னக் குரல் இரைச்சலில் முழுகிப்போனது. எட்டிப் பிடிக்கக் கால் போதாது. கத்தினால் கேட்காது. ஒரே வழிதான் இருந்தது. மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினாள்.

"நிறுத்துங்கள்! எல்லோரும் கூவலை நிறுத்துங்கள்!"

கரடியாரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். "நான் எதற்கு நிறுத்த வேண்டும்? முதலில் மந்தி வீட்டார் நிறுத்தட்டும்."

"நாங்கள் ஏன் முதலில் நிறுத்துவது?" என்றார்கள் மந்தி வீட்டார். "சேவல் வீட்டார் நிறுத்தட்டும்."

"எங்களை அடக்கத்தானே சங்கம் நடத்துகிறீர்கள்?" என்றார்கள் சேவல் வீட்டார்.

நாச்சியின் முதுகு வளைந்தது. செதில்கள் மடங்கத் தொடங்கின. கண்ணை மூடினால் போதும். இருட்டும் கதகதப்பும் காத்திருந்தன. அவள் கண்ணை மூடவில்லை. வாலைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களில் எழுந்து நின்றாள்.

"அக்கா, உங்கள் கணவர் பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்! அவர் கையைப் பிடித்தபடி மந்தியம்மாள் போகிறாள். தோளில் சேவலார் இருக்கிறார். அவர்களை அங்கே இழுப்பது உங்கள் குரல்தான். யார் முதலில் என்று இன்னொரு வார்த்தை பேசினால் மூன்று வீட்டிலும் இழவுதான் விழும். வாயை மூடுங்கள்!"

சந்தை வாயடைத்துப்போனது. அந்தக் காடே அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. பனி இலைநுனியில் திரண்டு சொட்டும் ஒலி கேட்டது.

அந்த அமைதியில் நாச்சி கூப்பிட்டாள்.

"இங்கே... வாருங்கள்..."

தேன் என்று சொல்லவில்லை. அரிசி என்று சொல்லவில்லை. தன் புற்றுமண்ணைக்கூடச் சொல்லவில்லை. மூச்சு வாங்கி, மறுபடியும், "இங்கே... வாருங்கள்..." என்றாள். கரடியாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒருவரும் அசையவில்லை.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சருகு நொறுங்கும் ஓசை. பனி ஓரிடத்தில் கறுத்தது. அதிலிருந்து கரடியார் வெளியே வந்தார். அவர் கையைப் பற்றியபடி மந்தியம்மாள். தோளில் சேவலார், கொண்டை தொங்கி.

"காலடியில் கல் உருண்டது" என்றார் கரடியார், மூச்சு இரைக்க. "உருண்ட கல் எங்கே விழுந்தது என்று கேட்கவே இல்லை. அந்த நொடியில் சத்தம் நின்றது. பின்னாலிருந்து உன் குரல் வந்தது, நாச்சி."

அப்போதுதான் அவர் தன் கையில் இருந்த கையைப் பார்த்தார். மந்தியம்மாளும் பார்த்தாள். இருவரும் கையை உதறிக்கொள்ளப் போனார்கள். ஏனோ, உதறவில்லை.

"இது நான் செய்த வேலை" என்றாள் நாச்சி. "நான்தான் உங்களை அனுப்பினேன். பள்ளம்வரை போவீர்கள் என்று நினைக்கவில்லை. கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள்."

யாரும் கோபிக்கவில்லை. சேவலார்தான் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு யார் கூப்பிடுவது?"

"முறைவைத்துக் கூப்பிடலாம்" என்றாள் மந்தியம்மாள். "ஆனால் எந்தச் சரக்கின் பேரும் சொல்லக்கூடாது."

கரடியார் காதைத் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து குளம்பொலி வந்தது. முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு கொம்புகள் ஒரு சிறு காடாகவே வந்தன. அந்த ஒற்றைக் குரல் வெள்ளைப்பாறைவரை எட்டியிருந்தது. குட்டிகளை நடுவில் விட்டு, உப்புக்கட்டிகளைச் சுமந்துகொண்டு, வரையாட்டுக் கூட்டம் முழுதும் சந்தைக்குள் இறங்கியது.

பழக்கதோஷத்தில் கரடியார், "தேனோ..." என்று வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டு, வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நீதி: ஆளுக்கொரு குரலில் கூவினால் வருகிறவரும் வழி தவறுவர், ஒரே குரலில் அழைத்தால் வழி தவறியவரும் வந்து சேர்வர்.