தொட்டி ஓரத்து ஐரிஸ்

“போன இடமெல்லாம் சண்டைதாம்மா. வேற மடத்துக்கு ஒரு கடிதம் குடுங்க.”

கேட்டவர் நாகலிங்கம். தலை நரைத்த சீடர். இதுவரை மூன்று மடங்களில் இருந்துவிட்டார். மூன்றிலும் கூட இருந்தவர்கள் சரியில்லை என்பது அவருடைய தீர்ப்பு. கொடைக்கானல் பக்கத்து இந்த மலைமடம் நான்காவது. இதையும் விட்டால், அவரைச் சேர்த்துக்கொள்ள நாட்டில் ஒரே ஒரு மடம்தான் பாக்கி. அதுவும் குருவின் கடிதம் இருந்தால்.

குரு வடிவம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

கடிதம் தருவதாகச் சொன்னார். அதற்குள் வாசலில் இருக்கும் ஐரிஸ் பாத்தியைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். ஊதாப் பூச்செடிகள். இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மூலையில் ஒரு செடிக்குக் கிழங்கே அழுகியிருந்தது.

நாகலிங்கம் வேலையில் புலி.

புள்ளி விழுந்த இலைகளை நறுக்கி எரித்தார். கிழங்குகளை மூடியிருந்த மண்ணை விலக்கி வெயில் காட்டினார். அழுகல் முழுவதையும் கத்தியால் சீவி எடுத்தார். அதே கத்தியோடு அடுத்த செடிக்குப் போனார். உள்ளே கெட்டிருக்குமோ என்று நல்ல கிழங்குகளையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார். எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

பத்து நாளில் பாத்தியே நாறியது. கிழங்குகள் கூழாகிவிட்டன.

கத்தியும் கையுமாகக் குருவிடம் வந்தார். மண் சரியில்லை, மழை சரியில்லை, செடியை நட்டவன் சரியில்லை என்று அடுக்கினார்.

வடிவம்மை பொறுமையாகக் கேட்டார்.

“தண்ணித் தொட்டி ஓரத்துல ஒண்ணு நல்லா பூத்திருக்கே, ஐயா.”

“இருக்கும்மா.”

“அது எப்படித் தப்பிச்சுது?”

“அதை நான் கவனிக்காம விட்டுட்டேன்.”



வடிவம்மை அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி, அவர் மூக்கருகே நீட்டினார்.

பாத்தியின் அதே நாற்றம். நாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. எதிரே நின்றவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வடிவம்மை உள்ளே போய், எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

நாகலிங்கம் அதை வாங்கவில்லை. கத்திக்குத்தான் கை நீட்டினார்.

“இதை எதுல கழுவணும்மா?”